அமெரிக்கன் மா, ஐரிஷ் பாண், கொலோன் ரொட்டி

பாரம்பரிய உணவு என்று யாராவது சொன்னால் என் வாயில் உடனே வருகிற கேள்வி, அது எந்த ஆண்டில் இருந்து என்பதுதான். கேட்டால் சனம் கோபிக்கும். ஆனாலும் இருபது வருசத்துக்கு மேலாக ஜேர்மனியில் குசினி வேலை செய்கிறவனுக்கு இந்தக் கேள்வியை விட முடியவில்லை. கோதுமை மாப் புட்டு எங்கட பாரம்பரியம் என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த மாவுக்கு எங்கட கிழவிகள் வைத்த பெயர் அமெரிக்கன் மா. பெயரிலேயே அது வந்த திசை இருக்கிறது. பாண் என்ற சொல்லும் போர்த்துக்கேயன் விட்டுவிட்டுப் போனது. அதை மாற்றத்தான் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துப் பேக்கரிகளின் பலகைகளில் வெதுப்பகம் என்று எழுதினார்கள். பலகை மாறியது, வாய் மாறவில்லை. கடைக்கு அனுப்பும்போது அம்மா ஒருநாளும் வெதுப்பி வாங்கி வா என்று சொன்னதில்லை.

இந்தக் கேள்வி எனக்குள் நன்றாக ஏறியது கொலோனில் ஒரு ஐரிஷ் மதுச்சாலையின் குசினியில் வேலை செய்த காலத்தில். அங்கே சமையலுக்குப் பொறுப்பாக இருந்தவர் அயர்லாந்தின் லீட்ரிம் பக்கத்து மனிதர். காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பாண் போடுவார். ஈஸ்ட் இல்லை, புளிக்க வைப்பது இல்லை, ஊற வைப்பதும் இல்லை. மா, உப்பு, சோடா, மோர், அவ்வளவுதான். கையை விரித்துப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றுவார். கூடப் பிசைந்தால் கல்லாகிவிடும் என்று என் கையைத் தட்டிவிடுவார். உருட்டி, மேலே கத்தியால் சிலுவை கீறி அவனுக்குள் தள்ளினால் முக்கால் மணித்தியாலத்தில் பாண். அவர் போட்ட சோடா வேறொன்றுமில்லை, எங்கட அப்பச்சோடாதான். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் காற்று வரும், அந்தக் காற்றில் மா எழும்பும். அப்பத்துக்குக் கள் விட்டுப் புளிக்க வைத்தவர்கள் கள் கிடைக்காத இடத்தில் சோடாவுக்கு மாறியதுபோல.

அதே மனிதர் முதல்நாள் மிஞ்சிய அவித்த கிழங்கை மசித்து, கொஞ்சம் மாவும் வெண்ணெயும் சேர்த்து வட்டமாகத் தட்டி, நாலாக வெட்டித் தட்டையான இரும்புக் கல்லில் சுடுவார். ஃபார்ல் என்று பெயர். கால் பங்கு என்ற பொருளில் வந்த சொல்லாம். பொக்ஸ்டி என்று இன்னொன்று. அதற்குப் பச்சைக் கிழங்கைத் துருவி, அவித்து மசித்த கிழங்கோடு கலக்க வேண்டும். எல்லாமே கல்லில் சுடுகிற சாமான். ஏன் என்று கேட்டேன். அயர்லாந்துக் குடியானவன் வீட்டில் அவன் இருக்கவில்லை. நிலக்கரி நெருப்பில்கூட இல்லை, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரி மண்ணில்தான் சமையல். பாண் சுடுவதென்றால் மூடியுள்ள இரும்புச் சட்டியில் வைத்து, மூடிக்கு மேலேயும் தணல் போடுவார்கள். மேலே நெருப்பு, கீழே நெருப்பு, நடுவில் அப்பம் என்று நாங்கள் சொல்கிறதை அவருக்கு விளக்கினேன். சிரித்தார்.

இந்தச் சோடாப் பாணை உலகம் முழுவதும் பழமையான ஐரிஷ் பாண் என்று விற்கிறார்கள். ஆனால் சமையல் சோடா அயர்லாந்துக்கு மலிவாக வந்தது 1830களுக்குப் பிறகுதான். பெரும் பஞ்சம் 1845 இல். வீட்டுக்கு வீடு அந்தப் பாண் பரவியது பெரும்பாலும் பஞ்சத்துக்குப் பின்னாலே. அங்கத்தைய கோதுமை ஈரக் காலநிலையில் விளைகிற மென்கோதுமை, ஈஸ்டைத் தாங்கி எழும்புகிற வலு அதில் குறைவு. சோடாவுக்கு அது நல்ல பொருத்தம். கிழங்கை இழந்த சனம் மாவுக்கு வந்தது. அதற்கு முன்னர் ஏழை ஐரிஷ்காரன் தின்றது பாண் அல்ல, அவித்த கிழங்கு. கோதுமையும் ஓட்ஸும் அவனுடைய நிலத்திலும் விளைந்தன. ஆனால் அவை குத்தகைக் காசு. நிலம் ஆங்கிலேயப் பிரபுவுடையது, தானியம் கப்பலுக்கு, கிழங்கு வயிற்றுக்கு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சனம் கிழங்கை மட்டுமே நம்பி இருந்தது.

1845 இல் கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்தது. 1846 இல் விளைச்சல் ஏறத்தாழ முழுதாகவே அழிந்தது. பத்து இலட்சம் பேரளவில் செத்தார்கள், இன்னுமொரு பத்து இலட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 82 இலட்சமாக இருந்த சனத்தொகை 1851 இல் 65 இலட்சம். அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்தில் இருந்து தானியமும் மாடும் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. நோய் வந்தது ஒரு பூசணத்தால். அதற்கு இன்றைக்கும் இருக்கிற விஞ்ஞானப் பெயரை 1876 இல் வைத்தவர் அன்டன் டி பாரி என்ற ஜேர்மன்காரர். ஆனால் செடியை அழித்த நோய் சனத்தையும் அழித்ததற்குப் பூசணத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஏனென்றால் அதே நோய் அதே ஆண்டுகளில் ஜேர்மன் நாடுகளிலும் விழுந்தது. இங்கே என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தபோதுதான் ஜேர்மன்காரனும் கிழங்கும் என்ற கதை எனக்குச் சுவாரசியமானது.

ஜேர்மன்காரனைக் கிழங்குத் தின்னி என்று பகிடி பண்ணுகிறோம். அவனும் ஆரம்பத்தில் கிழங்கை நம்பவில்லை. தென்னமெரிக்காவில் இருந்து வந்த செடி முதலில் பூந்தோட்டங்களில் பூவுக்காக வளர்ந்தது. பவேரியாவின் வடக்கு மூலையில் பில்கிராம்ஸ்றொய்ட் என்ற கிராமத்தில் 1647 அளவில் ஒரு விவசாயி வயலில் பயிரிட்டதாகச் சொல்கிறார்கள். பொதுச் சனம் இதைத் தொட இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 1756 மார்ச் 24 இல் பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக் அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினான். சனத்துக்குக் கிழங்கின் பயனை விளங்கப்படுத்துங்கள், வெற்று நிலம் உள்ள இடமெல்லாம் நடச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். போனது சிலேசியாவுக்கு. சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் அவன் போரில் பிடித்த நாடு அது. மன்னன் வயலுக்குக் காவல் போட்டு, சனத்துக்குக் களவெடுக்கிற ஆசையை உண்டாக்கினான் என்ற கதையை இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லும். அது கட்டுக்கதை, ஆதாரம் இல்லை. பொற்ஸ்டாமில் அவனுடைய கல்லறையில் இன்றைக்கும் சனம் பூவுக்குப் பதிலாகக் கிழங்கு வைத்துவிட்டுப் போகிறது. என்னைக் கேட்டால் ஜேர்மன்காரனைக் கிழங்கு தின்ன வைத்தது மன்னனின் கடிதம் அல்ல, 1771, 1772 ஆம் ஆண்டுகளின் பஞ்சம். தானியம் பொய்த்தபோது மண்ணுக்குக் கீழே கிடந்தது காப்பாற்றியது. அதற்குப் பிறகு யாரும் கட்டளை போடத் தேவை இருக்கவில்லை.

ரைன் நதிப் பக்கத்தில் ரைபகூஹன் என்கிற பண்டம் வீட்டுச் சமையலில் வேர்விட்டதும் இப்படித்தான். பச்சைக் கிழங்கைத் துருவி, வெங்காயம் துருவிச் சேர்த்து, முட்டையும் உப்பும் போட்டு எண்ணெயில் பொரிப்பது. வெள்ளிக்கிழமை கத்தோலிக்கருக்கு மாமிசம் இல்லை, ஆகவே வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. அப்பிள் களியோடு தின்பார்கள். இல்லாவிட்டால் பீற்றூட் பாகு பூசிய கறுத்தப் பாணோடு. குசினிக்காரனாக ஒன்று சொல்கிறேன். துருவிய கிழங்கைப் பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஐந்து நிமிசம் வைத்தால் அடியில் வெள்ளை மாப் படியும். தண்ணீரை வடித்துவிட்டு அந்த மாவைத் திரும்பக் கலந்தால் கோதுமை மா தேவையே இல்லை. மரவள்ளிக் கிழங்கில் மாப் பிரித்த எங்கட ஆட்களுக்கு இது புதிதல்ல.

1845 இற்குத் திரும்புகிறேன். ஜேர்மன் நாடுகளில் பெரும்பாலானவர்களுக்குக் கிழங்கோடு றை தானியமும் இருந்தது. ஊருக்கு ஊர் பொது வெதுப்பு வீடு கட்டி, பல வீடுகள் முறை வைத்துப் பாண் சுட்ட வழக்கம் அப்போதே பழையது. விறகு மிச்சம், நெருப்புப் பயமும் இல்லை. ஆகவே கிழங்கு போனதும் எல்லோரும் சாகவில்லை. ஆனாலும் 1846 இல் தானியமும் பொய்த்து விலை ஏறியபோது, 1847 ஏப்ரலில் பெர்லின் சந்தைகளில் சனம் கிழங்கு வியாபாரிகளின் மேல் பாய்ந்தது. இராணுவம் வந்து அடக்கியது. அதற்குக் கிழங்குப் புரட்சி என்று பெயர். சனம் உண்மையில் கொத்துக்கொத்தாகச் செத்தது மேல் சிலேசியாவில். ஆம், மன்னன் கிழங்கு நடச் சொன்ன அதே சிலேசியா. அங்கத்தைய ஏழைகள் போலிஷ் பேசுகிறவர்கள், கிழங்கைத் தவிர வேறு இல்லாதவர்கள். பசியோடு தைபஸ் காய்ச்சல் வந்தது. 1848 பெப்ரவரியில் பிரஷ்ய அரசு றுடொல்ஃப் பிர்ஹோ என்ற 26 வயது மருத்துவரை அனுப்பியது. அவர் மருந்துப் பட்டியல் எழுதுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ கல்வி வேண்டும், சுதந்திரம் வேண்டும், அந்தச் சனத்தின் மொழிக்கு இடம் வேண்டும் என்று எழுதினார். சில கிழமைகளில் பெர்லினில் புரட்சி வெடித்தபோது அவரும் தடுப்பரணில் நின்றார். எங்கட மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய அறிக்கை அது.

சோடாவின் ஜேர்மன் கதை சின்னது, ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறேன். கீசன் நகரில் லீபிக் என்ற வேதியியல் பேராசிரியரிடம் படித்த ஹோர்ஸ்போர்ட் என்ற அமெரிக்கர், மோர் இல்லாமலே சோடாவை வேலை செய்ய வைக்கிற தூளுக்கு 1856 இல் காப்புரிமை எடுத்தார். பேக்கிங் பவுடர் என்று நாங்கள் சொல்வது. பீலபெல்ட் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஓட்கர் 1890களில் அதைச் சரியாக அரைக் கிலோ மாவுக்கு அளந்து சிறு பைக்கற்றில் விற்றார். இன்றைக்கும் எந்தக் கடையிலும் அந்தப் பைக்கற் இருக்கும். எங்கட வீட்டுக் கேக்குகளும் அதில்தான் எழும்புகின்றன.

1914 இல் சண்டை தொடங்கியதும் பிரித்தானியக் கடற்படை ஜேர்மனியை முற்றுகையிட்டது. இறக்குமதித் தானியம் நின்றது, உரத்துக்கான இரசாயனமும் நின்றது. அந்த ஆண்டு ஒக்ரோபரிலேயே அரசு சட்டம் போட்டது, றைப் பாணில் குறைந்தது நூற்றுக்கு ஐந்து பங்கு கிழங்கு இருக்க வேண்டும் என்று. அதைவிடக் கூடினால் பாணின் மேல் ‘கே’ என்ற எழுத்துக் குத்த வேண்டும். கே என்றால் கிழங்கு என்றும் எடுக்கலாம், யுத்தம் என்றும் எடுக்கலாம். ஜேர்மனில் இரண்டு சொல்லுக்கும் முதலெழுத்து அதுதான். கொஞ்சக் கிழங்கு பாணைக் கெடுக்காது, உண்மையில் ஈரம் காயாமல் வைத்திருக்கும். கிழங்குப் பாண் என்று இப்போது கூடின விலைக்கு விற்கிறார்கள். ஆனால் பங்கு ஏற ஏற உள்ளே களியாகிவிடும், கத்தியில் ஒட்டும். 1915 இல் பாணுக்குக் கூப்பன் அட்டை வந்தது. பன்றிகள் மனிதரின் கிழங்கைத் தின்கின்றன என்று கணக்குப் போட்டு இலட்சக்கணக்கான பன்றிகளை வெட்டித் தள்ளினார்கள். இறைச்சியும் கொழுப்பும் பசளையும் சேர்ந்து போயின.

அப்போது கொலோன் மாநகரத்தில் உணவுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி ஒருவர், இரண்டு பேக்கரிச் சகோதரர்களோடு சேர்ந்து சோளம், பார்லி, அரிசி மாக்களில் ஒரு பாண் கண்டுபிடித்து, 1915 மே மாதத்தில் அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். பெயர் கொலோன் ரொட்டி. அந்த அதிகாரி கொன்ராட் அடனவர். பின்னாளில், 1949 இல், மேற்கு ஜேர்மனியின் முதல் சான்சிலர். சோயாவில் சொசேஜ் செய்யவும் வழி பிடித்தார். சனம் நன்றி சொல்லவில்லை, பார்லிக் கஞ்சியோடு அவர் பெயரைச் சேர்த்துப் பகிடிப் பெயர் வைத்தது. சோளம் ருமேனியாவில் இருந்து வந்தது. 1916 ஓகஸ்டில் ருமேனியா எதிரிப் பக்கம் போனதும் அந்தப் பாணும் போயிற்று. அந்த இலையுதிர் காலத்தில் மழையும் அதே பழைய கருகல் நோயும் சேர்ந்து கிழங்கு விளைச்சலைப் பாதியாக்கின. மாட்டுக்குப் போடுகிற டேணிப் கிழங்கைச் சனம் தின்றது. பாணிலும் அது, ஜாமிலும் அது, கோப்பியிலும் அது. டேணிப் குளிர்காலம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சண்டை 1918 நவம்பரில் முடிந்த பிறகும் முற்றுகை 1919 ஜூலை வரை நீடித்தது. பசியால் செத்தவர்கள் இலட்சக்கணக்கில்.

இதை வாசிக்கிறபோது யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமல் இருக்குமா? 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கி, பொருளாதாரத் தடையும் வந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, பற்றரி இல்லை, யூரியா இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கு எரித்த காலம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. முற்றுகை ஜேர்மன்காரனின் பாணுக்குள் கிழங்கைக் கொண்டுவந்தது. எங்களிடம் இருந்த கிழங்கை அது கொண்டுபோனது. எழுபதுகளில் சிறிமாவோ அரசு கிழங்கு, வெங்காயம், மிளகாய் இறக்குமதியை நிறுத்தியபோது வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரர் கிழங்கு போட்டுக் கல்வீடு கட்டினார்கள் என்று அப்பா சொல்லுவார். கொழும்பில் சனம் பாணுக்கு வரிசையில் நின்ற அதே காலம். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட அந்த வாழ்வு ஆட்டம் கண்டது. தொண்ணூறில் விதைக்கிழங்கும் உரமும் நின்றதோடு எங்கட வளவில் கிழங்கு பார்த்த ஞாபகமே இல்லை.

மிஞ்சியது பனை. ஒடியல் யாரும் அனுமதி கொடுத்து வருகிற சாமான் அல்ல. கோதுமை மா கப்பலில் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வந்த மாவை அவித்து, அரித்து, வேறு எதனோடாவது கலந்து நீட்டுவதுதான் அம்மாக்களின் வேலை. கொலோன் அதிகாரி மூன்று மாக் கலந்ததற்குக் காப்புரிமை எடுத்தார். எங்கட ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு கலவை இருந்தது, ஒன்றும் எழுத்தில் இல்லை.

ஜேர்மன்காரர் தங்கட பசியை எழுதி வைத்திருக்கிறார்கள். 1946, 47 குளிர்காலம் பற்றிக் கேட்டால் வயதானவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். பாணுக்கு மாற்றாக அமெரிக்கச் சோளமாவில் மஞ்சள் பாண் வந்ததையும், பிடிக்காமல் தின்றதையும். கொலோன் கர்தினால் ஃபிறிங்ஸ் 1946 இன் கடைசி நாள் பிரசங்கத்தில், வேறு வழியே இல்லாதவன் உயிருக்கும் உடல்நலத்துக்கும் தேவையானதை எடுக்கலாம் என்ற கருத்தில் பேசினார். அதற்குப் பிறகு நிலக்கரி களவெடுப்பதற்கே அவர் பெயரில் ஒரு வினைச்சொல் வந்துவிட்டது. நான் பிறகு வேலை செய்த உணவகத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் வருகிற ஒரு கிழவி, நான் பொரித்த ரைபகூஹனைத் தின்றுவிட்டு ஒருநாள் குசினி வாசலுக்கு வந்தா. நல்ல எண்ணெய் என்றா. சின்ன வயதில் எண்ணெய் இல்லாமல் கள்ளக் கோப்பித் தூளின் மண்டியைச் சட்டியில் பூசிச் சுட்டவை என்று சொன்னா. உங்கட ஊரில் என்ன செய்தீர்கள் என்றும் கேட்டா. நான் ஒடியலை ஜேர்மனில் விளங்கப்படுத்தப் பட்ட பாடு!

கொலோன்காரர் ஹைன்றிஷ் பேல் 1955 இல் எழுதிய நாவலின் தலைப்பிலேயே பாண் இருக்கிறது. 1957 இல் அயர்லாந்துப் பயணம் பற்றியும் எழுதினார். பசி தெரிந்த ஊரான் பசி தெரிந்த நாட்டைத் தேடிப் போனான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்களில் ஆண்டு எழுதி வைத்திருக்கிற உணவு ஒன்றுதான், முள்ளிவாய்க்கால் கஞ்சி. அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. 2009 என்று எல்லோருக்கும் தெரியும். மே மாதத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். 2024 மேயில் சம்பூரில் அதைக் காய்ச்சிக் கொடுத்தவர்களைப் பொலிஸ் கைது செய்தது. வெறும் கஞ்சிதானே என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் தொண்ணூறில் இருந்து தொண்ணூற்றைந்து வரை எங்கட அடுப்பில் வெந்தது எங்கேயும் இல்லை. சமைத்த தாய்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டு எழுதியது இது. 1992 ஆம் ஆண்டுக் கணக்கு. ஒடியல் மா இரண்டு சுண்டு, ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை வடித்துப் பிழிந்தது. அவித்து அரித்த கோதுமை மா ஒரு சுண்டு, இல்லாத நாளில் வறுத்த அரிசிமா அரைச் சுண்டு. முருங்கை இலை ஒரு பிடி. தேங்காய்ப்பூ பாதிமூடி, உப்பு. நீத்துப்பெட்டியில் அவிப்பது. ஐந்து பேருக்கு. உங்கட வீட்டில் என்ன கலந்தார்கள், எந்த ஆண்டில், எத்தனை பேருக்கு என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். ஊரின் பெயரையும் போடுங்கள்.